கடல் நூல்களும் கண்ணாடி அலமாரியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பழைய கடல் நூல்களின் முதற்பதிப்புகளையும், கைத்திறனோடு அச்சிட்ட சிறப்புப் பதிப்புகளையும் தேடிச் சேகரிக்கும் வழக்கம் வெகுகாலமாக இருந்து வருகிறது. தனவான்கள் இதைச் செய்கிறார்கள்; சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்குகிற சாதாரண மனிதர்களும் செய்கிறார்கள். ஹெர்மன் மெல்வில் எழுதிய 'மோபி டிக்' நூலின் 1851-ம் வருஷத்துப் பிரதி நல்ல நிலையில் ஏலத்துக்கு வருமானால், அது பல்லாயிரம் டாலருக்கு விலை போகிறது. இது வெறும் ஆடம்பரமா, அல்லது உலகத்துக்கு உபகாரமான காரியமா என்ற கேள்வி எழுவது இயல்பே. அதைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இங்கே சொல்ல விரும்புகிறோம்.

எங்கேயோ உள்ள ஒரு தேசத்தில் யாரோ புஸ்தகம் வாங்கினால் நமக்கென்ன என்று வாசகர் சிலர் கேட்கலாம். அந்தப் புஸ்தகங்கள் யாருடைய வாழ்க்கையைச் சொல்லுகின்றன என்பதை அறிந்தால், இக்கேள்வி தானே அடங்கும். கப்பலின் உச்சியில் பாய் கட்டியவன், திமிங்கிலத்தின் கொழுப்பைக் காய்ச்சியவன், அதிகாரியின் கோபத்துக்கு முதுகைக் கொடுத்தவன் ஆகியோரின் சரித்திரம் அவற்றில் இருக்கிறது. அவற்றை எழுதினவர்களும் அந்த வேலைகளைத் தங்கள் கையால் செய்தவர்களே.

ரிச்சர்ட் ஹென்ரி டேனா பாஸ்டன் பக்கத்தில் பெரிய குடும்பத்துப் பிள்ளை. ஹார்வர்டு கலாசாலையில் வாசித்துக்கொண்டிருக்கையில் மணல்வாரி கண்டு பார்வை பழுதுபட்டது. 1834-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் 'பில்கிரிம்' என்ற கப்பலில் சாதாரண மாலுமியாக ஏறினார். தோல் ஏற்றி வரக் கலிபோர்னியாக் கரைக்குச் சென்ற கப்பல் அது. அக்கரையில் காப்டன் இரண்டு மாலுமிகளைக் கட்டி வைத்துக் கசையால் அடித்ததை அவர் கண்ணாரக் கண்டார். இந்த ஜனங்களுக்கு நியாயம் தேட என்னாலானதைச் செய்வேன் என்று அன்றே மனத்தில் உறுதி கொண்டார். 1836-ல் ஊர் திரும்பி, 1840-ல் 'பாய்மரத்துக்கு முன்னே இரண்டு வருஷம்' என்ற நூலை வெளியிட்டார். கப்பலில் பாய்மரத்துக்கு முன்பக்கம் கூலி மாலுமிகள் படுக்கும் இடம், பின்பக்கம் அதிகாரிகளுக்குரியது. தாம் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார் என்பதைத் தலைப்பிலேயே அவர் சொல்லிவிட்டார். பிறகு வக்கீலாகி மாலுமிகளின் வழக்குகளை எடுத்து நடத்தினார். 1854-ல் ஆண்டனி பர்ன்ஸ் என்ற, தப்பியோடி வந்த அடிமைக்காகப் பாஸ்டன் நகரில் வாதாடினவரும் அவரே.

மெல்வில் 1841-ம் வருஷம் ஜனவரி மாதத்தில் 'அகுஷ்நெட்' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் புறப்பட்டார். பின்னர் போர்க்கப்பலிலும் ஊழியம் செய்தார். அங்கே மாலுமிகளுக்கு நடந்த கசையடிகளைப் பார்த்து மனம் கொதித்து, 1850-ல் 'வெள்ளைச் சட்டை' என்ற நூலை எழுதினார். அதே வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் கடற்படையில் கசையடியைச் சட்டத்தினால் ஒழித்தது. ஒரு புஸ்தகத்தினாலேயே ஒரு சட்டம் பிறந்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். அது வெகுநாளைய கிளர்ச்சியின் பலன். அந்தக் கிளர்ச்சியின் குரல்களில் 'வெள்ளைச் சட்டை'யும் ஒன்று என்பதே போதுமான பெருமை.

இப்படிப்பட்ட ஆசிரியர்களுக்கு அக்காலத்தில் கிடைத்த ஊதியம் என்ன? டேனா தமது நூலை 250 டாலருக்கு ஒரேயடியாகப் பிரசுரகர்த்தருக்கு விற்றுவிட்டார். 28 வருஷம் கழிந்து, 1868-ல்தான் உரிமை அவர் கைக்குத் திரும்பியது. அதற்குள் நூல் பல்லாயிரக்கணக்கில் விற்றிருந்தது. அந்த லாபத்தில் அவருக்குப் பங்கு இல்லை. மெல்விலின் கதை இன்னும் பரிதாபம். 'மோபி டிக்' நியூயார்க்கில் 2,915 பிரதிகள் அச்சாயிற்று. அவையும் விலை போகவில்லை. 1853-ம் வருஷம் டிசம்பரில் பிரசுராலயம் தீப்பற்றியபோது, விற்காமல் கிடந்த ஏறக்குறைய 300 பிரதிகள் சாம்பலாயின. அந்நூலால் இரண்டு தேசங்களிலும் சேர்த்து அவர் ஆயுள் முழுவதும் பெற்றது ஏறத்தாழ 1,200 டாலர்தான். பிற்காலத்தில் நியூயார்க் சுங்க இலாகாவில் 19 வருஷம் உத்தியோகம் பார்த்து ஜீவனம் செய்தார். 1891-ல் அவர் இறந்தபோது உலகம் அவரை மறந்து போயிருந்தது. இன்று ஏலச்சாலையில் ஒரே பிரதிக்குக் கொடுக்கப்படும் பணம், அவர் வாழ்நாள் எல்லாம் அந்நூலுக்காகக் கண்ட பணத்தைப் போலப் பன்மடங்கு.

இதைக் கேட்டதும், 'உயிரோடு இருந்தபோது கஞ்சிக்கு வழி செய்யாமல், செத்தபின் தங்க முலாம் பூசுகிறார்களே' என்று ஆத்திரப்படுவது எளிது. நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆயினும் விஷயத்தை ஆராய்ந்து பார்க்கும்போது, சேகரிப்பவர்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டிய காரணங்கள் இருக்கின்றன. அவற்றுள் தலையாயது, தணிக்கை செய்தவர்களின் கையை அவர்கள் நமக்குக் காட்டிக்கொடுத்ததாகும்.

'மோபி டிக்' முதன்முதலில் வெளிவந்தது நியூயார்க்கில் அன்று. 1851-ம் வருஷம் அக்டோபரில் லண்டனில் 'திமிங்கிலம்' என்ற பெயரோடு மூன்று பாகங்களாக 500 பிரதிகள் வெளியாயின. நியூயார்க் பதிப்பு அடுத்த மாதம் வந்தது. லண்டன் பதிப்பு பார்வைக்கு மிகவும் அழகானது. அட்டையின் முதுகில் திமிங்கிலத்தின் உருவம் தங்கத்தில் பொறித்திருக்கும். ஆனால் உள்ளே என்ன நடந்தது? ராஜாக்களைப் பற்றிய பரிகாசங்களும், மத விஷயத்தில் துடுக்கான வார்த்தைகளும் வெட்டப்பட்டன. இருபத்தைந்தாவது அத்தியாயம் முழுவதையும் காணோம். முடிசூட்டு விழாவில் மன்னன் தலையில் பூசும் எண்ணெயைப் பற்றி ஒரு மாலுமி கேலியாகப் பேசும் அத்தியாயம் அது! கதை சொல்லுகிறவன் மட்டும் உயிர் தப்பிய விதத்தைக் கூறும் முடிவுரையும் விடுபட்டுப் போயிற்று. 'கப்பலோடு எல்லாரும் மூழ்கினால் கதை சொல்ல யார் மிஞ்சினார்?' என்று லண்டன் பத்திரிகை விமர்சகர்கள் நூலாசிரியரைக் குற்றம் சொன்னார்கள். பிரசுரத்தில் நேர்ந்த குறைக்குப் பழி சுமந்தவர் மெல்வில். இன்னொரு வேடிக்கையும் உண்டு. கதையில் வருவது பல்லுள்ள ஸ்பர்ம் திமிங்கிலம். அட்டையில் தங்கத்தால் பொறித்ததோ பல்லில்லாத வேறொரு ஜாதித் திமிங்கிலம். வெளியே பொன், அதுவும் தப்பான பொன், உள்ளே வெட்டு. அழகிய பதிப்பை மட்டும் பார்த்து மயங்குகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

இந்த இரண்டு பதிப்புகளையும் யாரோ சிலர் பத்திரமாக வைத்திருந்தபடியால் அல்லவா, பிற்காலத்துப் பண்டிதர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டு எது வெட்டு, எது அச்சுப்பிழை, எது ஆசிரியர் திருத்தம் என்று கண்டுபிடிக்க முடிந்தது? 'டைபி' என்ற மெல்விலின் முதல் நூலுக்கும் இதே கதி நேர்ந்தது. 1846-ல் வெளியான அந்நூலில் பசிபிக் தீவுகளில் மிஷனரிகள் நடந்துகொண்ட முறையை அவர் கண்டித்திருந்தார். எதிர்ப்பு கிளம்பியதும், அதே வருஷத்தில் நியூயார்க் பிரசுரகர்த்தர் அப்பகுதிகளை நீக்கி வேறொரு பதிப்பைப் போட்டார். முதற்பதிப்பை வைத்திருந்தவனிடமே முழு நூல் இருந்தது.

டேனாவின் நூலில் நடந்தது இவற்றைக் காட்டிலும் சிந்திக்கத் தக்கது. 1840-ம் வருஷத்துப் பதிப்பின் கடைசி அத்தியாயத்தில், மாலுமிகளின் நிலைமையையும் அதற்கு வேண்டிய சீர்திருத்தங்களையும் பற்றித் தமது கருத்துக்களை அவர் எழுதியிருந்தார். உரிமை திரும்பி 1869-ல் தாமே புதிய பதிப்பு வெளியிட்டபோது, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, இருபத்து நான்கு வருஷத்துக்குப் பின் கலிபோர்னியாவைப் போய்ப் பார்த்த கதையைச் சேர்த்தார். வாலிபத்தில் எழுதிய நியாய வாதத்தை முதுமையில் தாமே நீக்கிவிட்டார். ஆசிரியருக்கு அந்த உரிமை உண்டு. ஆயினும் அவர் வாலிபத்தில் என்ன சொன்னார் என்பதை அறிய உலகத்துக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைக் காப்பாற்றினவை, 1840-ம் வருஷத்துப் பழைய பிரதிகள்.

சிறப்புப் பதிப்பினாலேயே ஒரு நூல் உலகத்துக்கு வந்ததும் உண்டு. மெல்வில் இறக்கும்போது 'பில்லி பட்' என்ற கதையின் கையெழுத்துப் பிரதி முடிவுபெறாமல் கிடந்தது. நிரபராதியென்று சொல்லத்தக்க ஓர் இளம் மாலுமி, சட்டத்தின் பெயரால் தூக்கிலிடப்படுகிற கதை. குடும்பத்தார் அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மெல்வில் சரித்திரத்தை எழுதிய ரேமண்ட் வீவர் என்ற பண்டிதர் அதைக் கண்டெடுத்தார். 1922 முதல் 1924 வரையில் லண்டனில் மெல்விலின் நூல்கள் எல்லாம் 16 பாகங்களாக 750 தொகுதிகள் மட்டும் அச்சாயின. 'பில்லி பட்' 1924-ல் முதன்முதலாக அதில்தான் வெளிவந்தது. கையெழுத்துப் பிரதி பின்னர் ஹார்வர்டு புஸ்தகசாலையைச் சேர்ந்தது. அங்கே இரண்டு பண்டிதர்கள் அதைத் தாள் தாளாகப் பரிசோதித்து 1962-ல் திருத்தமான பாடத்தை வெளியிட்டார்கள். தகரப் பெட்டியிலேயே அது கிடந்திருக்குமானால் இவை எதுவும் நடந்திரா.

இனி அச்சுக்கலையின் அழகைப் பற்றிச் சில வார்த்தை. 1926-ல் சிகாகோவிலுள்ள ஒரு பெரிய அச்சுக்கூடத்தார், தங்கள் தொழில் திறமையை உலகத்துக்குக் காட்ட எண்ணி, டேனாவின் நூலுக்குப் படம் வரைந்து தரும்படி ராக்வெல் கென்ட் என்ற சித்திரக்காரரைக் கேட்டார்கள். அவர், 'அதைவிட மோபி டிக் நூலுக்கு வரைகிறேன்' என்றார். 1930-ல் அந்தப் பதிப்பு லேக்சைடு அச்சகத்திலிருந்து மூன்று பாகங்களாக, அலுமினியக் கூட்டில் வைத்து, 1,000 பிரதிகள் வெளிவந்தது. கறுப்பும் வெளுப்புமாக 280 சித்திரங்கள். கென்ட் தாமே கடலோடியவர்; வடதுருவப் பக்கத்துக் குளிரையும் அலையையும் அறிந்தவர். உழைப்பாளர் பக்கம் நின்றவர். அவருடைய அரசியல் கொள்கைகளுக்காக அமெரிக்க சர்க்கார் அவருக்குப் பாஸ்போர்ட் மறுத்தபோது, வழக்காடி 1958-ல் உச்ச நீதிமன்றத்தில் வெற்றி பெற்றார். பிரஜைக்குப் பிரயாண சுதந்தரம் உண்டென்று தீர்ப்பாயிற்று.

நமக்கு முக்கியமான விஷயம் பின்வருவது. அந்த 1,000 பிரதிகளோடு காரியம் நிற்கவில்லை. அதே 1930-ல் நியூயார்க்கிலிருந்து அதே சித்திரங்களோடு ஒரே பாகமாக மலிவுப் பதிப்பு வந்து, ஏராளமான ஜனங்களின் கைக்கு எட்டியது. அதன் மேலட்டையில் சித்திரக்காரர் பெயர் இருந்தது. மெல்வில் பெயர் இடம் பெறவில்லை என்பது வேடிக்கை. இருந்தாலும் மெல்விலை வீட்டுக்கு வீடு கொண்டு சென்றது அப்பதிப்பே.

அதே வழியில் 1979-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஏரியன் அச்சகத்தார் 265 பிரதிகள் அச்சிட்டார்கள். எழுத்துக்களைக் கையால் கோத்து, கையால் செய்த காகிதத்தில், பாரி மோசர் மரத்தில் செதுக்கிய 100 படங்களோடு செய்த வேலை அது. கப்பல், கயிறு, ஈட்டி, படகு, திமிங்கிலம் ஆகியவற்றைக் காட்டினார்களே தவிர, காப்டன் முகம் எப்படி இருந்தது என்பதை வாசகனின் மனத்துக்கே விட்டார்கள். விலை அப்போதே 1,000 டாலர். சில வருஷங்களுக்குள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அதையே சிறிய அளவில் எல்லாரும் வாங்கத்தக்க விலையில் பிரசுரித்தார்கள்.

ஆகவே, சிறப்புப் பதிப்பு என்பது தன்னளவில் குற்றமன்று. நல்ல காகிதம், தெளிவான எழுத்து, அழுத்தமாகத் தைத்த பாரங்கள், பொருளறிந்து வரைந்த படம் ஆகிய இவை ஒரு நூலுக்குச் செய்யும் மரியாதை. எந்த மாலுமியை உலகம் மிருகத்துக்குச் சமானமாக நடத்தியதோ, அந்த மாலுமியின் கதையை ராஜாக்களின் சரித்திரத்துக்குரிய சிறப்போடு அச்சிடுவது, நமது அபிப்பிராயத்தில், ஒருவகை நியாயமே ஆகும்.

எங்கே குற்றம் தொடங்குகிறது? பூட்டில் தொடங்குகிறது.

பழைய நூல்களில் சில, பாரம் மடித்தபடியே தைக்கப்பட்டு, ஏடுகளின் ஓரம் பிளக்கப்படாமல் விற்பனைக்கு வருவதுண்டு. வாங்கினவன் கத்தியால் ஓரத்தைப் பிளந்துகொண்டே வாசிக்க வேண்டும். அவ்வாறு பிளக்காத பிரதிக்குச் சேகரிப்போர் சந்தையில் அதிக விலை உண்டு. இதன் அர்த்தத்தை வாசகர்கள் ஆலோசிக்க வேண்டும். ஒருவரும் வாசிக்கவில்லை என்பதற்கு அத்தாட்சி இருந்தால், அந்தப் புஸ்தகத்துக்கு மதிப்பு உயர்கிறதாம்! முதுகில் அடி வாங்கினவன் முறையிட வந்தான். அவன் வாயைத் திறக்காமல் வைத்திருப்பதே உயர்வு என்று ஒரு கூட்டம் தீர்மானித்திருக்கிறது. லண்டன் பிரசுரகர்த்தர் ஓர் அத்தியாயத்தை மறைத்தார். இவர்கள் நூல் முழுவதையும் மறைக்கிறார்கள்.

இன்னொரு வகையாரும் இருக்கிறார்கள். தோலட்டை, தங்க விளிம்பு, பட்டு நாடா இவற்றைக் கண்டு கெஜக்கணக்கில் வாங்கி, விருந்தாளிகள் பார்க்கக் கூடத்தில் அடுக்குகிறவர்கள். உள்ளே எந்தப் பாடம் அச்சாகியிருக்கிறது, இருபத்தைந்தாவது அத்தியாயம் இருக்கிறதா, முடிவுரை இருக்கிறதா என்று அவர்கள் பார்ப்பதில்லை. காலிகோ பைண்டு போட்ட சாதாரணப் பிரதியை முழுமையாக வாசித்த பள்ளிக்கூடப் பையன் அவர்களைக் காட்டிலும் மேலான சேகரிப்பாளன் என்போம். அவன் நெஞ்சில் சேகரித்திருக்கிறான்.

'ஒருவன் தன் பணத்தைக் கொடுத்து வாங்கின பொருளை எப்படி வைத்துக்கொண்டால் என்ன? கேட்க நீங்கள் யார்?' என்று ஆட்சேபம் கிளம்பும். சட்டப்படி அது சரி. காகிதமும் தோலும் அவனுடையவை. ஆனால் அந்தப் பொருளுக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அவன் வாங்கின காகிதத்திலிருந்து வரவில்லை. ஓர் ஆசிரியன் கடலில் பட்ட கஷ்டமும், அவனோடிருந்த பெயர் தெரியாத மாலுமிகளின் வாழ்வும், அதை வாசித்துப் போற்றிய லட்சக்கணக்கான வாசகர்களின் அன்புமே அந்தப் பிரதியைப் பல்லாயிரம் டாலர் பெறும்படி செய்தன. வாசகர்கள் உண்டாக்கிய மதிப்பை அனுபவிக்கிறவன், வாசகர்களுக்குச் சிறிது கடமைப்பட்டவனே. அவன் அந்நூலுக்குத் தர்மகர்த்தாவைப் போன்றவன்.

'எல்லார் கையிலும் கொடுத்தால் நூல் அழிந்துவிடாதா?' என்பது அடுத்த ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. 1851-ம் வருஷத்துக் காகிதத்தைச் சந்தைக் கடைபோல் பலரும் புரட்ட முடியாது. அப்படிச் செய்யும்படி நாமும் சொல்லவில்லை. ஆராய்ச்சி செய்கிறவன் வந்து கேட்டால் மறுக்காமல் காட்டுவதும், பக்கங்களைப் படமெடுத்துப் பொதுவில் வைக்க அனுமதிப்பதும், தனக்குப் பின் ஏலத்துக்கு அனுப்பாமல் ஒரு புஸ்தகசாலைக்கு எழுதி வைப்பதும் நூலை அழிக்கும் காரியங்கள் அல்ல. சிகாகோவிலுள்ள நியூபெரி புஸ்தகசாலையும் வடமேற்குப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 1968 முதல் 2017 வரையில், மெல்விலின் நூல்களைச் சோதித்து 15 பாகங்களாக வெளியிட்டன. பல பிரதிகளை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்ததால் முடிந்த வேலை அது. தனித்தனி அலமாரிகளில் அவை பூட்டிக் கிடந்திருந்தால் ஐம்பது வருஷ உழைப்பும் கைகூடியிராது.

அழகில்லாத பதிப்புக்கும் பெருமை உண்டென்பதை இவ்விடத்தில் சொல்லாமல் விட மனமில்லை. டிரினிடாட் தீவைச் சேர்ந்த ஸி. எல். ஆர். ஜேம்ஸ் என்ற அரசியல் எழுத்தாளரை 1952-ல் அமெரிக்க சர்க்கார் நாடு கடத்தும் நோக்கத்தோடு நியூயார்க் துறைமுகத்திலுள்ள எல்லிஸ் தீவில் காவலில் வைத்தது. காவலில் இருந்தபடியே அவர் 'மோபி டிக்' நூலைப் பற்றி ஒரு புஸ்தகம் எழுதினார். பல ஜாதி, பல நிறத்து மாலுமிகளே அக்கதையின் உண்மையான நாயகர்கள் என்றும், ஒரு தலைவனின் வெறி அவர்களை எவ்வாறு நாசத்துக்கு இழுத்தது என்பதே அதன் பொருள் என்றும் வாதித்தார். 1953-ல் அதைத் தாமே அச்சிட்டு, காங்கிரஸ் அங்கத்தினர்களுக்கு அனுப்பினார். அதற்குத் தோலட்டையும் இல்லை, தங்க விளிம்பும் இல்லை. ஆனால் மெல்வில் நூலுக்கு அதைவிடப் பெரிய மரியாதையை எந்தத் தனவானும் செய்ததாக நாம் கருதவில்லை.

மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தில் நியூ பெட்போர்டு என்ற பழைய திமிங்கில வேட்டைத் துறைமுகம் இருக்கிறது. அங்குள்ள திமிங்கில வேட்டைக் காட்சிசாலையில் வருஷந்தோறும் ஜனவரி மாதத்தில், மெல்வில் கப்பலேறிய நாளின் ஞாபகமாக, ஊரார் கூடி 'மோபி டிக்' நூலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரையில் உரக்க வாசிக்கிறார்கள். இரவும் பகலுமாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடங்குகிறார். கேட்பவர்களின் மடியில் விதவிதமான பதிப்புகள் இருக்கின்றன. விலை உயர்ந்ததும், கந்தலானதும், எல்லாவற்றிலும் அதே வார்த்தைகள்.

நூல் சேகரிப்பவர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வாங்குங்கள், அழகானதையே வாங்குங்கள். வாங்குமுன் பாடம் முழுமையானதா என்று பாருங்கள். வாங்கியபின் கத்தியை எடுத்து ஏடுகளைப் பிளந்து வாசியுங்கள். உங்களிடம் அபூர்வப் பிரதி இருக்குமானால், அது இருக்கும் செய்தியை அறிஞர்கள் அறியச் செய்யுங்கள். உங்கள் காலத்துக்குப் பின் அது ஒரு பொதுப் புஸ்தகசாலையின் வாசலைக் கடக்கட்டும். பாய்மரத்துக்கு முன்னே நின்று கஷ்டப்பட்டவர்கள் தங்கள் கதையை எழுதி வைத்தது கண்ணாடிக்குப் பின்னே கிடப்பதற்காக அன்று.